68 லட்சத்திலிருந்து 3 லட்சம் வரை: மொட்டை மாடி சோலாரின் விலைச் சரித்திரம்

டேரில் சாப்பின் என்று ஒரு ஆராய்ச்சியாளர். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை. இன்று நாம் மொட்டை மாடிகளில் பார்க்கிற சோலார் பேனலுக்குத் தாத்தா என்று சொல்லக்கூடிய சிலிக்கான் செல்லைச் செய்த மூவரில் ஒருவர். 1956ல் இவர் ஒரு கணக்குப் போட்டார். ஒரு வாட் மின்சாரம் தரும் செல்லின் விலை 286 டாலர். அப்படியானால் ஒரு சராசரி அமெரிக்க வீட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை சூரியனிடமிருந்தே எடுப்பதற்கு எவ்வளவு செலவாகும்? வந்த விடை 14 லட்சத்து 30 ஆயிரம் டாலர்.

வகுத்துப் பார்த்தால் இது 5,000 வாட், அதாவது 5 கிலோவாட். அன்றைக்கு ஒரு டாலர் 4 ரூபாய் 76 பைசா. ஆக, நம் காசில் 68 லட்சம் ரூபாய். அதுவும் 1956ன் 68 லட்சம்!

இன்று திண்டுக்கல்லில் அதே 5 கிலோவாட்டை மாடியில் மாட்டித் தர சுமார் 3 லட்சம் கேட்கிறார்கள். முன்னே பின்னே இருக்கும். மானியம் போக இன்னும் குறையும்.

இந்த 68 லட்சம் எப்படி 3 லட்சம் ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரை. பி.காம் படிக்கிறவனுக்கு சிலிக்கானைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். விலை எப்படி இறங்கியது, அந்த இறக்கம் யார் வீட்டுக்கு வந்தது, யார் வீட்டுக்கு வரவில்லை என்பது எங்கள் டிபார்ட்மென்ட் சமாச்சாரம்தான் :-)

முதலில் ஒரு சுவாரஸ்யமான விஷயம். சாப்பின் இந்த வேலையில் இறங்கியது வீடுகளுக்கு விளக்கேற்ற அல்ல. தொலைபேசிக் கம்பெனியின் பேட்டரிகள் வெப்பமும் ஈரமும் மிகுந்த தேசங்களில் சீக்கிரம் கெட்டுப்போயின. நம்மைப் போன்ற ஊர்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதற்கு மாற்று தேடச் சொன்னார்கள். முதலில் செலினியம் என்ற பொருளை வைத்துப் பார்த்தார். மேலே விழும் வெயிலில் நூற்றில் ஒரு பங்கு கூட மின்சாரமாக மாறவில்லை. பிறகு கூட வேலை பார்த்த ஜெரால்ட் பியர்சன், கால்வின் ஃபுல்லர் இருவரும் சேர்ந்துகொள்ள, சிலிக்கானுக்கு மாறினார்கள். 6 சதவீதம் கிடைத்தது. 1954 ஏப்ரல் 25 அன்று ஒரு பொம்மை ராட்டினத்தைச் சுற்ற வைத்து உலகத்துக்குக் காட்டினார்கள்.

ஆனால் வாட்டுக்கு 286 டாலர் கொடுத்து யார் வாங்குவார்கள்? விலையைப் பற்றிக் கவலைப்படாத ஒரே வாடிக்கையாளர் இருந்தார், விண்வெளித் துறை. 1958 மார்ச்சில் மேலே போன வான்கார்டு 1 செயற்கைக்கோளில் சாதாரண பேட்டரியும் இருந்தது, சூரிய செல்களும் இருந்தன. பேட்டரி சில வாரங்களில் செத்துவிட்டது. சூரிய செல்லில் ஓடிய டிரான்ஸ்மிட்டர் 1964 மே வரை பேசிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு விண்வெளிக்காரர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. விலையும் வீட்டுக்கு எட்டும் அளவுக்குக் குறையவில்லை. குறைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லையே.

பூமிக்கு இறங்கி வந்த கதை 1970களில். எலியட் பெர்மன் என்ற வேதியியல்காரர், எக்ஸான் என்ற எண்ணெய்க் கம்பெனியின் பணத்தில் (ஆமாம், எண்ணெய்க் கம்பெனிதான்!) சோலார் பவர் கார்ப்பரேஷன் என்று ஒன்றைத் தொடங்கினார். விண்வெளிக்குத் தேவைப்படுகிற சுத்தமும் அழகும் தரையில் எதற்கு என்பது அவர் கேட்ட கேள்வி. கம்ப்யூட்டர் சில்லு செய்கிற கம்பெனிகள் கழித்துப்போட்ட சிலிக்கான் தகடுகளை வாங்கினார். வாட்டுக்கு 100 டாலராக இருந்ததை 20 டாலருக்குக் கொண்டுவந்தார். அவருடைய முக்கியமான வாடிக்கையாளர்கள் யார் தெரியுமா? கடலில் நிற்கும் எண்ணெய்க் கிணறுகள். கப்பல் மோதாமல் இருக்க இரவில் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும், அங்கே கம்பி இழுக்க முடியாது. சூரிய மின்சாரம் பெட்ரோலைக் காப்பாற்றிக்கொண்டு வளர்ந்தது என்பது இந்தத் துறையின் பெரிய ஜோக்.

இந்தியாவுக்கு வருவோம். சாஹிபாபாத்தில் 1974ல் தொடங்கிய மத்திய அரசின் சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977ல் நாட்டின் முதல் சூரிய செல்லைச் செய்தது, அடுத்த வருடம் முதல் பேனல். நாம் ஒன்றும் பின்தங்கி நிற்கவில்லை. 1982ல் இதற்கென்று டெல்லியில் தனித் துறையே உருவானது. 1985ல் தமிழ்நாட்டில் டெடா எனப்படும் தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமை வந்தது. மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானதும் அதே 1985ல்தான். (தேர்வில் கேட்க மாட்டார்கள், சும்மா சொன்னேன்.)

இங்கே ஒரு கிளைக்கதை. சூரியனை அளப்பதில் நம் மாவட்டம் பழைய கை. கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் 1899ல் தொடங்கியது. ஏன் தொடங்கினார்கள் என்பதற்குப் பின்னால் நம் ஊர்க் கண்ணீர் இருக்கிறது. 1876லிருந்து 78 வரை அடித்த தாது வருஷப் பஞ்சத்தில் மதராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டுபோனார்கள். மழை எப்போது பொய்க்கும் என்று சூரியனைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்ற கேள்வி அதிலிருந்துதான் எழுந்தது. 1909ல் ஜான் எவர்ஷெட் அங்கிருந்துதான் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். மலை மேலே சூரியனைப் படித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கீழே சமவெளியில் அதற்கு இருந்த உபயோகம் தோல் காய வைப்பதும் மிளகாய் காய வைப்பதும்தான்.

சரி, விலைக்கு வருவோம். 1980களிலும் 90களிலும் நம் நாட்டில் சோலார் என்றால் கரண்ட் போகாத மலை கிராமத்துக்கு ஒரு தெருவிளக்கு, ஒரு லாந்தர், அவ்வளவுதான். வீட்டுக்காரர் காசு போட்டு வாங்கும் பொருளாக அது இல்லை. 1995ல் பெங்களூரில் ஹரீஷ் ஹண்டே தொடங்கிய செல்கோ நிறுவனம் வேறு விதமாக யோசித்தது. ஏழைக்கு சோலார் எட்டாமல் இருப்பது விலையால் மட்டும் இல்லை, அந்த விலையை மொத்தமாகக் கேட்பதால் என்றார்கள். மண்ணெண்ணெய்க்குத் தினமும் செலவழிக்கும் சில்லறையைத் தவணையாக மாற்றினால் வாங்கிவிடுவார்கள். 2003ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் துணையோடு கனரா வங்கியும் சிண்டிகேட் வங்கியும் கர்நாடகத்தில் வீட்டு சோலாருக்குக் கடன் கொடுத்தன. இந்தப் பாடத்தைப் பின்னால் எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

உண்மையான விலைச் சரிவு 2008க்குப் பிறகு. இதற்குக் காரணம் ஜெர்மனிக்காரனின் பணமும் சீனாக்காரனின் ஆலையும். ஜெர்மனியில் 2000ல் ஒரு சட்டம் வந்தது. மாடியில் பேனல் வைத்து மின்சாரம் கொடுத்தால் 20 வருடத்துக்கு இன்ன விலை என்று உத்தரவாதம். அந்த விலை சந்தை விலையை விடப் பல மடங்கு அதிகம். அதை மற்ற மின் நுகர்வோர் தங்கள் பில்லில் பகிர்ந்து கட்டினார்கள். வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் சீனாவில் ஆலைகள் முளைத்தன. ஆஸ்திரேலியாவில் படித்த ஷி செங்ராங் என்பவர் 2001ல் வூஷி நகரத்தில் தொடங்கிய சன்டெக் அதில் பெரிய பெயர்.

பொருளாதாரத்தில் அனுபவ வளைவு என்று ஒன்று படிக்கிறோம் இல்லையா? 1936ல் தியோடர் ரைட் என்பவர் விமானத் தயாரிப்பைப் பார்த்துச் சொன்னது. மொத்த உற்பத்தி இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் செலவு ஒரு குறிப்பிட்ட சதவீதம் குறையும். சோலார் பேனலில் அது சுமார் 20 சதவீதம். இந்தத் துறையில் ஸ்வான்சன் விதி என்பார்கள். புத்தகத்தில் இதைப் படிக்கும்போது தூக்கம் வரும், பேனல் விலையில் பார்த்தால் வராது. 2008 வாக்கில் வாட்டுக்குச் சுமார் 4 டாலர். 2012ல் ஒரு டாலருக்கும் கீழே. 2024ல் உலகச் சந்தையில் 10 சென்ட் பக்கம்.

இந்தச் சரிவில் வாங்கியவனுக்கு லாபம், விற்றவனுக்கு மரண அடி. ஒரு காலத்தில் உலகின் மிகப்பெரிய பேனல் கம்பெனியாக இருந்த சன்டெக்கின் முக்கிய நிறுவனமே 2013 மார்ச்சில் திவாலானது. நாம் மலிவாகப் பேனல் மாட்டுகிறோம் என்றால் அதில் ஜெர்மனி நுகர்வோர் கட்டிய பில்லும் இருக்கிறது, சன்டெக்கின் பங்குதாரர் இழந்த பணமும் இருக்கிறது.

இந்தியாவில் 2010 ஜனவரியில் ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய மின் திட்டம் தொடங்கியது. அப்போது பெரிய சோலார் நிலையங்களுக்கு மத்திய ஆணையம் வைத்திருந்த விலை யூனிட்டுக்கு 17 ரூபாய் 91 காசு. ஏலம் விட்டதும் அந்த டிசம்பரிலேயே ஒருவர் 10 ரூபாய் 95 காசுக்கு வந்தார். அடுத்த வருடம் 7 ரூபாய் 49 காசு. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் 2 ரூபாய் 44 காசு. ஏழு வருடத்தில் 17லிருந்து இரண்டரைக்கு! தங்கம் இப்படி இறங்கினால் எப்படி இருக்கும்?

ஆனால் இதெல்லாம் பெரிய கம்பெனிகளின் கணக்கு. வீட்டு மாடிக்கு வந்தால் கதை வேறு. அதிலும் தமிழ்நாட்டுக் கதை தனிக் கதை.

2008லேயே மின்வெட்டு தொடங்கிவிட்டது. 2012ல் உச்சம். சென்னையில் ஓரிரண்டு மணி நேரம், மற்ற மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. மெழுகுவர்த்தியில் வீட்டுப்பாடம் எழுதியது ஜாலியாக இருந்தது, அப்பாவுக்கு இருந்திருக்காது. விசைத்தறி, பூட்டுப் பட்டறை, நூற்பாலை எல்லாம் படுத்துவிட்டன. வசதியுள்ள வீடுகள் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கின. அந்த வருடங்களில் தமிழ்நாட்டில் நன்றாக ஓடிய வியாபாரம் அது ஒன்றுதான் போலிருக்கிறது.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2011ல் முதலமைச்சரின் சூரிய சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 300 சதுர அடி வீடு, ஒன்றுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அதில் 30,000 சூரிய விளக்குகளுக்கு. வருடத்துக்கு 60,000 வீடுகள், ஐந்து வருடத்தில் 3 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. அடுத்து 2012 அக்டோபரில் தமிழ்நாடு சூரிய எரிசக்திக் கொள்கை. 2015க்குள் 3,000 மெகாவாட் என்று அறிவித்தார்கள். அதில் 350 மெகாவாட் கூரைகளிலிருந்து. 2013ல் வீட்டு மாடிக்குத் தனியாக ஊக்கத்தொகை. ஒரு கிலோவாட் சுமார் 1 லட்சம் ரூபாய். மத்திய மானியம் 30 சதவீதம், அதாவது 30,000. அதன் மேல் மாநில அரசு 20,000. ஆக 50,000 கையிலிருந்து போட்டால் போதும்.

கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது? மின்வெட்டில் வெந்துகொண்டிருந்த மக்கள் வரிசையில் நின்றிருக்க வேண்டாமா? நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதற்கான காரணம்தான் இந்தச் சரித்திரத்திலேயே எனக்குப் பிடித்த இடம்.

மானியம் கிடைத்த அந்த மலிவான சோலாரில் பேட்டரி கிடையாது. மாடியில் உற்பத்தியாகும் மின்சாரம் வீட்டுக்குப் போய், மீதி தெருக் கம்பிக்குப் போகும். இந்த மாதிரி அமைப்பில் ஒரு கட்டாய விதி உண்டு. தெருவில் கரண்ட் போனால் மாடியில் இருப்பதும் தானாக நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் இல்லை என்று நம்பி கம்பத்தில் ஏறும் லைன்மேன் மேல் நம் வீட்டு மின்சாரம் பாயும். உயிர் போய்விடும். நியாயமான விதிதான். ஆனால் பகலில் பாதி நேரம் கரண்ட் இல்லாத ஊரில் இதற்கு என்ன அர்த்தம்? உச்சி வெயில் அடிக்கும், பேனல் மேலே இருக்கும், கீழே ஃபேன் ஓடாது!

பேட்டரியோடு வாங்கினால் ஓடும். ஆனால் அப்போது ஒரு கிலோவாட்டுக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரை ஆனது. பேட்டரியை நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பேனல் 25 வருடம் உழைக்கும் என்றால் அதற்குள் நாலைந்து பேட்டரி. பேனல் விலை இறங்கியது, பேட்டரி விலை இறங்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியப்பா அந்தச் சமயத்தில் பேட்டரியோடு மாட்டினார். முதல் பேட்டரி போனதும், "இன்னொரு யானையைக் கட்டித் தீனி போட முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டு வெறும் பேனலை அப்படியே விட்டுவிட்டார்.

ஆக, மக்களுக்கு சோலார் மிகவும் தேவைப்பட்ட வருடங்களில் மலிவான சோலார் வேலை செய்யவில்லை, வேலை செய்த சோலார் மலிவாக இல்லை. 2014க்குப் பிறகு கரண்ட் நிலைமை சரியானது. அப்போது மலிவான சோலார் நன்றாக வேலை செய்யும். ஆனால் இப்போது மக்களுக்கு அவசரம் போய்விட்டது. அதற்கு மேல் 2016 மே மாதம் முதல், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம் என்றாகிவிட்டது. தவறாக நினைக்காதீர்கள், அந்த 100 யூனிட் பல குடும்பங்களுக்குப் பெரிய உதவி. ஆனால் சோலார் விற்கிறவரின் கணக்கில் அது ஒரு பெரிய ஓட்டை. இலவசமாகக் கிடைப்பதோடு எந்தப் பேனல் போட்டி போட முடியும்?

கம்பெனிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேடசந்தூர் பக்கம் நூற்பாலைகள் யூனிட்டுக்குக் கட்டும் விலையும் அதிகம், சலுகையும் அதிகம். 2017 மார்ச் வரை சோலாரில் போட்ட முதலில் 80 சதவீதத்தை முதல் வருடமே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைக்கலாம். பிறகு அது 40 சதவீதமானது. தேய்மானக் கணக்கு எழுதும்போது கை வலிக்கிறது என்று புலம்புகிற நண்பர்களே, ஒரு ஆலைக்கு அந்த ஒரு வரியில் எத்தனை லட்சம் மிச்சமாகிறது பாருங்கள். வீட்டுக்காரருக்கு இந்தச் சலுகை இல்லை. அவர் வீட்டுக்கு ஏது லாப நட்டக் கணக்கு?

நடுவில் மீட்டர் விதியும் மாறி மாறி வந்தது. 2013ல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிகர மீட்டர் முறையைக் கொண்டுவந்தது. நாம் கம்பிக்கு அனுப்பிய யூனிட்டை நாம் வாங்கிய யூனிட்டில் கழித்துவிடுவார்கள். யூனிட்டுக்கு யூனிட். 2019ல் அது போய், நாம் அனுப்பும் யூனிட்டுக்கு 2 ரூபாய் 28 காசு மட்டும் என்று வந்தது. நாம் வாங்கும் யூனிட்டுக்கு அதைவிடப் பல மடங்கு கொடுத்துக்கொண்டு விற்கும் யூனிட்டை இரண்டே கால் ரூபாய்க்குக் கொடுப்பதா என்று ஆர்வமாக இருந்தவர்களும் பின்வாங்கினார்கள். 2021 அக்டோபரில் வீடுகளுக்கு நிகர மீட்டர் திரும்ப வந்தது. மின் வாரியத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதிகம் பில் கட்டும் வீடுகள் சோலாருக்குப் போய்விட்டால், இலவச யூனிட்டுக்கும் குறைந்த கட்டணத்துக்கும் ஆகும் நட்டத்தை யாரிடம் வசூலிப்பது? ஆனாலும் 25 வருடம் உழைக்கும் பொருளை வாங்கச் சொல்லிவிட்டு எட்டு வருடத்தில் விதியை இரண்டு முறை மாற்றினால் யார் நம்பிப் பணம் போடுவார்கள் என்பது என் கேள்வி.

நாடு முழுவதுமே இந்தக் கதைதான். 2022க்குள் கூரைகளில் 40,000 மெகாவாட் என்று 2015ல் இலக்கு வைத்தார்கள். கெடு முடியும்போது அதில் கால்வாசியைக் கூடத் தொடவில்லை.

அதன் பிறகுதான் 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூர்ய கர் திட்டம். 75,021 கோடி ரூபாய், ஒரு கோடி வீடுகள். முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். திண்டுக்கல்லில் 3 கிலோவாட் மாட்ட 1 லட்சத்து 80 ஆயிரத்திலிருந்து 2 லட்சத்து 20 ஆயிரம் வரை சொல்கிறார்கள். 2 லட்சம் என்று வைத்தால் மானியம் போக 1 லட்சத்து 22 ஆயிரம். ஒரு பைக் விலை.

உலகச் சந்தையில் வாட்டுக்கு 10 சென்ட் என்றேனே, பிறகு ஏன் 3 கிலோவாட்டுக்கு 2 லட்சம்? பத்து சென்ட் கணக்குப்படி பேனல் 25,000 ரூபாய்தானே ஆக வேண்டும்? ஒன்று, மானியம் வேண்டுமென்றால் செல்லும் பேனலும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். அது சீனப் பேனலைவிடக் கணிசமாக விலை அதிகம். வெளியிலிருந்து வரும் பேனலுக்கு 2022 ஏப்ரலில் 40 சதவீதம் சுங்க வரி போட்டார்கள். ஜி.எஸ்.டி. 2021 அக்டோபரில் 5லிருந்து 12 ஆகி, 2025 செப்டம்பரில் மறுபடி 5 ஆனது. இரண்டு, இன்வெர்ட்டர், கேபிள், எர்த்திங், இரும்புச் சட்டம், மீட்டர், ஆள் கூலி. இதெல்லாம் பேனல் அளவுக்கு விலை இறங்குவதில்லை. இரும்பு இரும்பு விலையில்தான் விற்கும்.

நம் ஊரில் இந்தச் சட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஆகும். மொட்டை மாடி என்பது நமக்கு வெறும் கூரையா என்ன? வடகம், வற்றல், மிளகாய், துணி எல்லாம் அங்கேதான். கோடையில் படுக்கையும் அங்கேதான். பேனலைத் தரையோடு தரையாக மாட்டினால் அம்மாமார்கள் விட மாட்டார்கள். ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்குச் சட்டம் ஏற்ற வேண்டும். காற்றுக்குத் தாங்க வேண்டும். அதற்குத் தனிக் காசு. இன்னொன்று, பேனல் மேல் தூசி படிந்தால் உற்பத்தி குறையும், அடிக்கடி கழுவ வேண்டும். போர்வெல் உப்புத் தண்ணீரில் கழுவினால் வெள்ளையாகப் படிகிறது. குடிக்கிற தண்ணீரில் கழுவலாம் என்று திண்டுக்கல்காரரிடம் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார் :-)

வெயில் அதிகம் என்றால் மின்சாரம் அதிகம் என்று நினைப்பதும் பாதிதான் சரி. பேனலுக்கு வெளிச்சம் பிடிக்கும், சூடு பிடிக்காது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3லிருந்து 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறைகிறது. சித்திரை வெயிலில் பேனல் 60 டிகிரி தொட்டால் பத்து சதவீதத்துக்கு மேல் போச்சு.

இப்போது முக்கியமான கணக்கு. ஒரு கிலோவாட் நம் பக்கம் நாளைக்கு சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். கட்டணத்துக்கு 2022 செப்டம்பர் விகிதத்தை எடுத்துக்கொள்கிறேன். 2024ல் மறுபடி கொஞ்சம் ஏறியது, ஆனால் கணக்கின் போக்கு மாறாது.

இரண்டு ஏ.சி., ஃபிரிட்ஜ், மோட்டார் என்று இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் ஓடும் வீடு. பில் 6,550 ரூபாய். 3 கிலோவாட் மாட்டினால் 720 யூனிட் கழியும், மீதி 280. பில் 585. வருடத்துக்கு மிச்சம் 35,790 ரூபாய். போட்ட 1 லட்சத்து 22 ஆயிரம் மூன்றரை வருடத்தில் திரும்பிவிடும். பிறகு இருபது வருடத்துக்கு மேல் லாபம். இப்படி ஒரு முதலீட்டை எந்த வங்கியும் தராது.

அடுத்து 400 யூனிட் வீடு. நடுத்தரம். பில் 1,125. ஒரு கிலோவாட் போதும். ஆனால் சிறியதாக மாட்டினாலும் ஆள் கூலி, மீட்டர் செலவு பெரிதாகக் குறையாது, நிலைச் செலவு என்று படிக்கிறோமே அதுதான். 75,000 ஆகிறது என்று வைத்தால் மானியம் போக 45,000. பில் 135க்கு இறங்கும். வருடத்துக்கு மிச்சம் 5,940. ஏழரை வருடம் ஆகும். பரவாயில்லை, போடலாம்.

கடைசியில் 200 யூனிட் வீடு. ஒரு ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், டி.வி. பில் வெறும் 225 ரூபாய். அதே 45,000 போட்டால் வருடத்துக்கு மிச்சம் 1,350. போட்ட காசு திரும்ப 33 வருடம். பேனலின் ஆயுளோ 25! அந்த 45,000ஐ 7 சதவீத வட்டிக்கு டெபாசிட்டில் போட்டாலே வருடத்துக்கு 3,150 கிடைக்கும். இந்த வீட்டுக்காரரிடம் போய் சோலார் மாட்டுங்கள் என்று சொல்வது நல்ல யோசனையே அல்ல.

அது மட்டுமில்லை. மானியம் கைக்கு வருவது பேனல் மாட்டி, மீட்டர் மாற்றி, எல்லாம் முடிந்த பிறகு. அதுவரை முழுப் பணத்தையும் புரட்ட வேண்டும். ஈடு இல்லாத வங்கிக் கடன் உண்டு என்கிறார்கள். சம்பளச் சான்று இருப்பவருக்கு அது சுலபம். பேகம்பூரில் தோல் ஷாப்பில் வேலை செய்கிறவருக்கும், பூட்டுப் பட்டறையில் நாள் கூலிக்குப் போகிறவருக்கும் அடகுக் கடைதான் வங்கி. செல்கோ கண்டுபிடித்த பாடம் நினைவிருக்கிறதா? விலையை விட, மொத்தமாகக் கேட்பதுதான் தடை.

வாடகை வீட்டுக்காரர் கதை இன்னும் மோசம். மாடி வீட்டு ஓனருடையது, பில் கட்டுவது குடியிருப்பவர். ஓனர் ஏன் காசு போட வேண்டும்? குடியிருப்பவர் காலி செய்யும்போது பேனலைக் கழற்றிக்கொண்டா போவார்? ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் பேச்சே இல்லை. டெல்லியில் 2019லேயே இதற்கு ஒரு வழி செய்தார்கள். எங்கோ ஒரு பொது இடத்தில் பேனலை வைத்துவிட்டு, அதில் பங்கு போட்ட வீடுகளின் பில்லில் யூனிட்டைக் கழிக்கும் முறை. கம்பெனி பங்கு வாங்குவது போல அரை கிலோவாட், கால் கிலோவாட் என்று வாங்கலாம். பஞ்சாயத்துப் பள்ளிக்கூடக் கூரைகளும் மார்க்கெட் கொட்டகைகளும் சும்மாதான் வெயிலில் காய்கின்றன. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டின் கூரையை நினைத்துப் பாருங்கள். மொத்தமாக மாட்டினால் நிலைச் செலவு பிரிந்துபோகும், வாட்டுக்கு விலையும் குறையும்.

எங்கள் தெருவில் முப்பது வீடு இருக்கும். இப்போதைக்கு மூன்று மாடிகளில் பேனல் மின்னுகிறது. மூன்றுமே ஏ.சி. ஓடும் சொந்த வீடுகள்.